சாமைக்கு நான் போட்ட கிலோ கணக்கு

1

வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஓராண்டு முடிந்ததும் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. நான் கொடுத்த முப்பது பக்கத்தில் பத்திக்குப் பத்தி என் கைடு பெயர் இருந்தது. எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் முழு மார்க். கமிட்டியிலோ, இதில் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். கள ஆய்வு முடித்து வரும்போதும் இப்படியே இருந்தால் பட்டம் கிடையாது, ஊருக்குப் போகலாம் என்றார்கள்.

2

கல்வராயன் மலையில் சாமை விளைச்சல்தான் என் தலைப்பு. கைடு தயாரித்த படிவத்தோடு அந்த மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போனேன். அதில் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று ஒரு கட்டம். மலையில் யாரும் கிலோ சொல்லவில்லை. விளைந்தது எந்த மாதம் வரை சோற்றுக்கு வரும் என்றுதான் சொன்னார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் கைடு கோபிப்பாரே என்று நானே மனக்கணக்குப் போட்டுக் கிலோவாக்கி நிரப்பினேன். மூன்றே நாளில் நாற்பது படிவம். என் வேகத்தில் எனக்கே பெருமை.

மலைக்குக் கீழே இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் மேலே வரவில்லை, ஜீப்காரரும் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். பொழுது போகாமல், சடையன் என்ற விவசாயியிடம் அவருடைய படிவத்தைப் படித்துக் காட்டினேன். முந்நூறு கிலோ என்றதும் நிறுத்தச் சொன்னார்.

"கிலோன்னு யாரு சார் சொன்னாங்க? மாசி வரைக்கும் வரும்னு இல்ல சொன்னேன். நீங்களே ஒண்ணு எழுதிக்கினு எம் பேரைப் போட்டா எப்படி சார்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. வழி திறக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் நாற்பது வீட்டுக்கும் மறுபடி நடந்தேன். படிவத்தை எடுத்துப்போகவில்லை; அவர்கள் சொன்ன மாதத்தை அப்படியே எழுதிக்கொண்டேன்.

3

அடுத்த கமிட்டியில் கைடே ஆரம்பித்தார். கிலோ எங்கே, விளைச்சலை மாதத்தால் அளக்கலாம் என்று எந்த அறிஞர் சொல்லியிருக்கிறார் என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன் என்றேன். முதலில் எழுதிய கிலோவெல்லாம் நான் இட்டுக்கட்டியவை என்பதையும் கையோடு சொல்லிவிட்டேன். வெளியே உட்காரச் சொன்னார்கள். குளிருக்கு வாங்கிய கம்பளிக் கோட்டை ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பக் கூப்பிட்டு, ஆய்வைத் தொடரலாம், ஒரே ஒரு நிபந்தனை என்றார்கள். அந்தப் பொய்க் கிலோ எப்படி வந்தது என்பதை ஒரு பக்கம் எழுதி ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும்.

பிற்பாடு என்னிடம் ஆய்வுக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கக் கொடுத்தேன். யார் பெயரையும் துணைக்குக் கூப்பிடாமல் நான் எழுதிய முதல் பக்கம் அதுதான்.