மழை நாளின் பச்சை விளக்கு

ஆற்றுப் படியில் ஒருவர் குந்தி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தண்ணீரை அளக்கும் கருவியின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் வலது கை வேலை. இடது கை படியோரத்து இரும்புக் கம்பியைப் பிடித்திருக்கும். மூக்கு அரித்தால்கூடத் தோளில்தான் தேய்த்துக்கொள்வார், கம்பியை விடமாட்டார்.

ஊரில் அவருக்கு மீட்டர் என்று பெயர். தண்ணீருக்குள் இருக்கும் கருவி, ஆற்றின் கலங்கலையும் உப்பையும் வெப்பத்தையும் இரவு பகலாக அளந்து அனுப்புகிறது. அதிலிருந்து கிருமி எவ்வளவு இருக்கும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு மதிப்பிடுகிறது. அதன்படி படிக்கட்டின் மேலே விளக்கு எரியும். "பச்சைன்னா இறங்கு, சிவப்புன்னா ஏறு. என்னைக் கேக்காத, விளக்கைக் கேளு" என்பார். குளிக்க வருகிறவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன மீட்டர், இன்னைக்கு ஆத்துக்கு ஜுரமா?"

"ஆத்துக்கு எதுக்கு வருது? உனக்குத்தான் வரும். வாயை மூடிக்கிட்டு முங்கு."

கருவியின் கண்ணுக்குக் கிருமி தெரியாது. இவர் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப, இன்ன கலங்கலுக்கு இவ்வளவு கிருமி என்று அந்தக் கணக்கு கற்றுக்கொண்டது. ஆய்வகத்து அம்மா ஒருமுறை போனில் கேட்டார்: "ஏங்க, உங்க ஊர்ல மழையே பெய்யாதா? எல்லா பாட்டிலும் இப்படிப் பளிச்சுனு இருக்கே." மீட்டர் சிரித்து மழுப்பிவிட்டார். எல்லாமே வெயில் நாளில் எடுத்தவை. ஆறு கலங்கிச் சுழித்து வரும் நாளில் அவர் இறங்கியதே இல்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. பெண் எடுத்த வீட்டில் எல்லோரும் மீன் மாதிரி நீந்துகிறவர்கள். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து மூடி வைத்திருந்தார்.

போன மழையில் மச்சினனின் மகள் ஆற்றில் நீந்திவிட்டு வயிற்றுப்போக்கில் சுருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் ஊசியோடு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா, பச்சை எரிஞ்சுதே. பாத்துட்டுத்தான் இறங்கினேன்."

"மெஷின்ல ஏதோ கோளாறு, கண்ணு."

மச்சினன் அவர் தோளைத் தட்டினார். "மெஷின் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க மாமா? உங்க மேல தப்பில்ல."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. மெஷின் கலங்கலைச் சரியாகத்தான் அளந்திருந்தது. மழை ஆற்றைப் பார்த்தே இராத கணக்கு, தனக்குத் தெரிந்ததை நீட்டி ஒரு பதில் சொன்னது. அந்தப் பதில் பச்சை.

பெண் தேறி வீடு வந்துவிட்டாள். மீட்டர்தான் மாறிப்போனார். வானம் கறுத்தாலே ஓடிப்போய்க் கையால் சிவப்பைப் போடுகிறார். "மேகத்தைப் பாத்தா மீட்டர் சிவந்துடுது" என்று சிரிக்கிறார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். அவர் ஒரு நாள் படுத்துக்கொண்டால் பழைய பச்சைதான் எரியும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்று விடியும்போதே நல்ல மழை. சிவப்பைப் போட்டுவிட்டு, தோளில் கயிற்றோடு மச்சினன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்ன மாமா, கயிறு?"

"மழைத் தண்ணி எடுத்து அனுப்பணும். நீ மேல நின்னு இதைப் பிடிச்சுக்கிறியா?"

"ஆத்துலயே கிடக்கிற ஆள் நீங்க. உங்களுக்கு எதுக்குக் கயிறு?"

மீட்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு நீச்சல் வராது. பயத்துல மழை நாள்ல தண்ணியே எடுக்கல. அதான் அன்னைக்குப் பச்சை காட்டுச்சு. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல."

உள்ளே தலை சீவிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.  மச்சினன் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். "முடிச்சை நான் போடறேன். உங்க முடிச்சை நம்ப முடியாது."

ஆற்றங்கரையில் மச்சினன் கயிற்றை அவர் இடுப்பில் முடிந்துவிட்டு, மறுமுனையோடு மேல் படியில் நின்றுகொண்டார்.

தண்ணீர் முழங்காலுக்கு மேல் இழுக்கிறது. பாட்டிலின் வாய் ஓட்டத்தை நோக்கி இருக்க வேண்டும். மூடியை நீருக்குள்தான் திறக்க வேண்டும். இந்த இழுப்பில் அதற்கு இரண்டு கையும் வேண்டும். மீட்டர் பாட்டிலைப் பார்க்கிறார். மேலே திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் கயிறு ஒருமுறை இறுகுகிறது.

இடது கை, ஒவ்வொரு விரலாகக் கம்பியை விடுகிறது.