கார்டில் குறைந்த எட்டு வயது

இன்று காலை தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர்கள் நாலு பேர்: நான், என் மாமியார், மருத்துவச்சி ராசம்மா, என் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை.

என் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்த ராசம்மா, கார்டை எடுத்து, "வயசு முப்பத்தி நாலு" என்று வாசித்தாள்.

"எனக்கு நாப்பத்திரெண்டு. யாருங்க கொறச்சுச் சொன்னது?" என்றேன்.

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"மூத்தவனுக்கே இருவத்திரெண்டு ஆச்சு. அவனைப் பன்னெண்டு வயசுலயா பெத்தேன், அத்தை?"

"நெச வயசச் சொன்னா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க தாயி. பேரன் எடுக்கிற வயசுல புள்ளையான்னு ஊரே சிரிக்கும்."

ராசம்மா சிரிக்கவில்லை. "இந்த வயசுல ரத்தக்கொதிப்பு ஏறுனா என் கையில ஒண்ணுமில்ல. சிரிக்கிறவங்களா வந்து காப்பாத்துவாங்க?" என்று கேட்டு, வயதைத் திருத்தி எழுதினாள்.

ஆனாலும் வீடு வரும்வரை மாமியார், "நல்ல நாள் பாத்து ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். எந்த நல்ல நாள், பிள்ளை பிறந்த பிறகா?

எனக்காக மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டபோதும் முப்பத்தி நாலு என்றுதான் சொல்லியிருப்பாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

நாற்பதுக்கு மேல் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள், எத்தனையாவது மாதத்தில் அங்கே சேர்ந்தீர்கள் என்று சீக்கிரம் எழுதுங்கள்.