வாயை மூடச் சொன்னவர்

தமிழ், தெலுங்கு மாநிலங்களுக்கு எல்லை பிரிக்கும் பேச்சு நடந்த நாட்களில், யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளத் திருப்பதியிலிருந்து நாகலாபுரத்துக்கு ஒரு மொழியியல் பேராசிரியர் வந்தார். உள்ளூர் வாத்தியாரான நான் கூடப் போனேன். அவர் படமும் வரைவார். தூரிகையை நாக்கில் வைத்துத்தான் கூராக்குவார். சாயம் ஏறிய அந்தப் பச்சை நாக்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் வீடு முதலான பெரிய வீடுகளில் மோர் குடித்தபடி நோட்டை நிரப்பினார். சேரியில் நோட்டை மூடிவிட்டு வண்ணப்பெட்டியைத் திறந்தார். நடவு முடித்து வந்த ஒருத்தியை வெயிலில் நிற்க வைத்தார்.

"எங்க பேச்சையும் எழுதிக்கினு போங்க சாமி" என்றாள் அவள்.

"வாயை ஆட்டாதே, படம் கெட்டுடும்."

நான் பொறுக்காமல், "இவங்களைக் கேக்கலியா சார்?" என்றேன்.

"இவங்களுக்கும் சேர்த்துக் கர்ணமே சொல்லிட்டாரே!"

பிறகு அந்தப் படத்தை பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன். நல்ல படம்தான், அதுதான் வயிற்றெரிச்சல். அதில் அவள் வாய் இறுக மூடியிருக்கிறது.