தென்னூர் கடையில் அவசரப்பட்டேன்

மறுநாள் கல்யாணப் படங்களைக் கொடுத்தாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் என் ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலோ ஒவ்வொரு படமும் திறக்க அரை நிமிடம் ஆனது. பொறுக்க முடியாமல் அதைத் தூக்கிக்கொண்டு தென்னூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன்.

"இருக்கறதுலயே பெரிய எஸ்.எஸ்.டி. குடுங்க."

கடையிலிருந்த பெண், "பாத்துட்டுச் சொல்றேங்க," என்றார்.

"விஷயம் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

"நான்தாங்க பாக்குறேன்," என்றபடி கம்ப்யூட்டரைப் போட்டார். எடிட்டிங் மென்பொருள் தற்காலிகமாகச் சேமிக்கும் கேஷ் கோப்புகள் பழைய ஹார்டு டிஸ்கில் சேர்ந்துகொண்டிருந்தன. ஏற்கெனவே உள்ளே இருந்த, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி.க்கு அவற்றை மாற்றினார். கல்யாணப் படங்கள் உடனுக்குடன் திறந்தன.

"புதுசு வேண்டாங்க. போயி வேலையப் பாருங்க."

கூச்சத்தில் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படங்களை நேரத்துக்குக் கொடுத்தேன். மறுவாரம் மன்னிப்புக் கேட்கப் போனால், அவர் முந்திக்கொண்டார்.

"கல்யாண வீட்டுல சந்தோஷப்பட்டாங்களா?"

அவர் பெயரைக்கூட நான் அதுவரை கேட்டிருக்கவில்லை.