வாத்துக்குக் கொஞ்சம் தழை

அந்தக் காய்கறிக்காரர் யாருன்னு தெரிஞ்சு உனக்கு என்னடி ஆகப்போகுது? அவர் பேர் எனக்கே தெரியாது. சரி, கேளு.

துறைமுகத்தில் உன் தாத்தாவுக்கு வேலை நின்றுபோன சமயம். பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் வெறும் கஞ்சிதான். தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்ற ஒரு சீனர், ஓலைத் தொப்பியும் தங்கப்பல்லுமாக இருப்பார்; பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்டு அரைகுறைத் தமிழ் பேசுவார். முள்ளங்கித் தழை, சர்க்கரைவள்ளித் தழையெல்லாம் பன்றிக்கென்று ஒதுக்கிவைப்பார். அதைப் பிள்ளைகளுக்கென்று கேட்க எனக்கு வெட்கம். "வீட்டுல வாத்து வளக்குறேன்" என்று புளுகினேன்.

தினமும் தந்தார். சும்மா தருவதுதானே என்று அள்ளிப் போடமாட்டார். பழுத்த இலையைக் கிள்ளிவிட்டு, வைக்கோலால் கட்டித்தான் நீட்டுவார். வதக்கியும் கடைந்தும் போட்டதில் பிள்ளைகளுக்குக் கன்னம் உப்பிவிட்டது.

ஒருநாள் கட்டுக்குள் பூண்டும் காய்ந்த மிளகாயும் இருந்தன.

"இது எதுக்கு?"

"உன் வாத்துக்குத்தான் லா, அக்கா. காரம் தின்னும்தானே?"

மனிதர் சிரிக்கவே இல்லை. எப்போது கண்டுபிடித்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்தான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் என்ன சங்கதி என்று கேட்டார்கள். "நீங்களும் அவர்கிட்டயே போங்கடி. ஆனா வாத்து என்னோடது. நீங்க ஆடுன்னு சொல்லுங்க" என்றேன்.