உயிரோடு இருப்பவளின் படம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ராயபுரத்தில் மீன் விற்று நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். கடைசி மகள் ஸ்டெல்லா, நான் மீன் வெட்டுவதைக் கதவளவு பெரிதாக வரைந்து, சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள்.

பெரிய மகன் தடுத்தான். “உசுரோட கீறவங்க படத்த யாராச்சும் கூடத்துல மாட்டுவாங்களா? பாக்கறவன் மாலையோட வந்து நிப்பான்.”

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. படத்தைப் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைக்கச் சொன்னதே நான்தான்.

ஸ்டெல்லா அழவில்லை. “நீ செத்தப்புறம் மாட்னா, நீ எப்டிம்மா பாப்ப?” என்று மட்டும் கேட்டாள்.

பீரோவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு பேரை ஆளாக்கிய கையை நானே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

பிறகு எழுந்தேன். அந்தக் கனத்தை ஒரு ஆணி தாங்காது, உப்புக்காற்றில் துருவும் பிடிக்கும். எவர்சில்வர் கொக்கி இரண்டு வாங்கி, படத்திலுள்ள கண் என் கண்ணுக்கு நேராக வரும்படி கூடத்திலேயே மாட்டவைத்தேன்.

பக்கத்து வீட்டு மேரி வாசலிலிருந்து பார்த்துவிட்டு, “அய்யோ, அக்கா போயிடுச்சா!” என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

“இன்னும் போவல. டீ குடிக்கிறியா?” என்றேன் அடுப்படியிலிருந்து.

செத்தபிறகு கிடைக்கும் மரியாதையை நான் பார்க்கப்போவதில்லை. இருக்கும்போதே பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுத்துக்கூட்டி நானே எழுதினேன். பெரியவனின் பிள்ளையைக் கூப்பிட்டு, “படிச்சுக் காட்டுடா. சத்தமா படி, உங்கப்பன் காதுல வுழட்டும்” என்றேன்.