மணி பங்களாவுக்குப் போன மாலை

எங்கள் தெருவின் பழம்பெருமையை யார் எழுதினாலும் மணி பங்களாவில்தான் தொடங்குகிறார்கள். வீட்டு உச்சியில் கடிகாரம் வைத்தவர், மோட்டார் வாங்கியவர், கலெக்டர் துரைக்கு விருந்து போட்டவர் என்று அதைக் கட்டிய நெய் வியாபாரியைப் பற்றி நாலு பக்கம் வரும். எதிரிலிருந்த எங்கள் மச்சு வீட்டுக்கு அரை வரி கிடையாது. இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் வேறு யாருமில்லை, என் அத்தையின் கணவர். சொந்தமென்பதால் எரிச்சல் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்களிடமும் ஒன்று இருந்தது. ஆடித் திருவிழாவில் மாரியம்மன் சப்பரம் அந்தத் தெருவில் எங்கள் வாசலில் மட்டும்தான் நிற்கும். வீட்டார் பூவும் பழமும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பூசாரி அம்மன் கழுத்து மாலை ஒன்றைக் கழற்றி வீட்டுப் பெண்ணுக்குப் போடுவார். அந்தப் பெண் நான்தான். பங்களா மாடியிலிருந்து அத்தையின் கொழுந்தனார் பெண்கள் பட்டுப் பாவாடையோடு எட்டிப் பார்க்கும்போது, அவர்கள் கண்ணில் படும்படி மாலையை நாலு தடவை சரிசெய்துகொள்வேன்.

எனக்கு எட்டு வயதான வருஷம், கோயிலுக்குப் போய்வந்த அப்பா சொன்னார்.

"இந்த வருசம் சாமி தங்கச்சி ஊட்டு வாசல்லதான் நிக்கும். அவளுக்குச் சீராக் குடுத்துட்டேன்."

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க, அவங்களுக்கு என்னங்க கொறச்சல்?"

"கொழந்தை இல்லைன்னு ஆரத்தித் தட்டக்கூட அவளத் தொட உடறதில்ல. மச்சானுக்கு வேற பொண்ணு பாக்கறாங்க. சாமி மாலையோட அவ வாசல்ல நிக்கறத ஊரு பாக்கட்டும். அப்பறம் அவளத் தள்ளி வெக்க யோசிப்பாங்க."

வீடு நிறைய வேலைக்காரர்கள் இருக்கும்போது அத்தை எதற்குத் தட்டைத் தொட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கல்யாணம் வந்தாலும் அதுவும் பங்களாவில்தானே என்று கூடுதலாக எரிந்தது.

திருவிழாவன்று சப்பரம் தூக்கியவர்கள் பழக்க தோஷத்தில் எங்கள் வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். அம்மனுக்கு நியாயம் தெரியும் என்று ஓடிப்போய்க் கழுத்தை நீட்டினேன். அப்பா என்னைப் பிடித்து விலக்கினார்.

"அந்தப் பக்கம் திருப்புங்க சாமி."

அம்மன் எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பினாள். நான் வீறிட்டு அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்களா வாசலில் அத்தையின் மாமியார் தட்டோடு நின்றார். அத்தை பின்னால், கதவை ஒட்டி நின்றாள். அப்பா தெருவைக் கடந்து போய்க் கும்பிட்டார்.

"இது என் தங்கச்சிக்குக் குடுத்த சீருங்க. தட்டு அவ கையிலதான் இருக்கோணும்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மாமியார் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டை அத்தையிடம் நீட்டினார். பூசாரி என் மாலையை அத்தைக்குப் போட்டார். அத்தை அப்பாவைப் பார்த்து, ஊர் முன்னால் விம்மி விம்மி அழுதாள்.

கடிகாரம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, இப்போது என் மாலையையும் வாங்கிக்கொண்டாய். இன்னும் எது வேண்டுமென்று அழுகிறாய் என்று, எங்கள் வாசலில் நின்றபடி மனசுக்குள் அவளைக் கேட்டேன்.